ஹமீதுன்னிசா டீச்சர் கேட்ட வண்டி

மேடையை அலங்கரிக்கும் சங்கத் தலைவர் அவர்களே, செயலாளர் நியாஸ் அவர்களே, டகோனிலிருந்து மழையோடு மழையாக வந்து சேர்ந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே, கடையைப் பாதி சாத்திவிட்டு வந்திருக்கும் பபேடான், தாமுவே வியாபாரிகளே, தாய்மார்களே, சகோதரிகளே! உங்கள் அனைவர் மீதும் இறைவனின் சாந்தி நிலவட்டும். ஸலாம் சொல்லிப் பழக்கமில்லாத அன்பர்களுக்கு என் பணிவான வணக்கம்.

இரங்கல் கூட்டம் என்றால் இந்த ஊரில் என்னைக் கூப்பிடுவார்கள். தாமுவே சந்தையில் மளிகைக் கடை வைத்திருக்கும் பர்கத்துல்லா ஹாஜியாருக்குக் குரல் நன்றாக இருக்கிறது, எந்த இடத்தில் நிறுத்தினால் ஜனங்கள் கண்ணைத் துடைப்பார்கள் என்று அவருக்குத் தெரியும் என்பார்கள். உண்மைதான். எத்தனையோ பெரிய மனிதர்களை இந்த ஒலிபெருக்கியில் நான் சொர்க்கத்துக்கு அனுப்பி வைத்திருக்கிறேன். இன்றைக்கு அந்தத் திறமை எனக்கு உதவாது போலிருக்கிறது.

யாருக்காகக் கூடியிருக்கிறோம்? மர்ஹூமா ஹமீதுன்னிசா அவர்களுக்காக. பள்ளிப் பதிவில் அவருடைய பர்மியப் பெயர் டோ மியா மியா. நமக்கு ஹமீதுன்னிசா டீச்சர். கிழக்கு டகோன் அரசுப் பள்ளியின் சின்னப் பிள்ளைகளுக்கு வெறும் ‘சாயாமா’, டீச்சரம்மா. சென்ற வாரம், வெள்ளைச் சட்டையும் பச்சை லுங்கியுமாக, ஆசிரியைச் சீருடையில் பள்ளிக்குப் புறப்பட்டவர், போகும் வழியில் லைன்கார் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே நினைவு இழந்தார். அன்று மாலையே அவர் மூச்சு அடங்கியது. அவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்த தங்கை பல்கீஸ் இதோ முன் வரிசையில் இருக்கிறார். பல்கீஸ், உன் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு இன்று தைரியம் இல்லையம்மா. சுவரைப் பார்த்துப் பேசினால் மன்னித்துக்கொள்.

அன்பர்களே! ஹமீதுன்னிசா டீச்சர் எப்படிப்பட்டவர்? அந்தப் பள்ளியின் பெற்றோர் குழுவுக்கு நான் தலைவன். அதனால் எனக்கு நன்றாகத் தெரியும் என்று நீங்கள் நினைப்பீர்கள். என் பேத்தி ருக்சானா அவரிடம் படித்தபோது கணக்கில் தோற்றாள். என் மருமகள் பள்ளிக்குப் போய், “ஹாஜியார் பேத்தி, கொஞ்சம் பாத்துப் போடுங்க” என்று சொல்லியிருக்கிறாள். டீச்சர் என்ன சொன்னார் தெரியுமா? “ஹாஜியார் பேத்தின்னா ரெண்டும் ரெண்டும் அஞ்சாயிடுமா?” என்று கேட்டுவிட்டார்! மருமகள் வீட்டுக்கு வந்து அழுதாள். நான் கொதித்தேன். மறுநாளிலிருந்து அந்த அம்மாள் என்ன செய்தார்? பள்ளி விட்ட பிறகு ருக்சானாவைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, புளியங்கொட்டையை வைத்து, கழித்தலையும் வகுத்தலையும் மண்டையில் ஏற்றினார். மழைக்காலம் முடியும்வரை நடந்தது அது. காசு வாங்கவில்லை.

காசு ஏன் வாங்கவில்லை? அரசு ஆசிரியர் சம்பளம் என்ன என்று நமக்குத் தெரியாததா? ஒரு மூட்டை அரிசியும் ஒரு டின் எண்ணெயும் வாங்கினால் அந்தச் சம்பளம் மூச்சு வாங்கும். அதனால்தான் பாதி ஆசிரியர்கள் சாயங்காலம் டியூஷன் எடுத்துப் பிழைக்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். வயிறு என்று ஒன்று இருக்கிறதே! ஆனால் டீச்சர் தன் வகுப்புப் பிள்ளையிடம் டியூஷன் காசு வாங்கமாட்டார். “காசு குடுத்த புள்ளைக்கு நம்மள அறியாமலே ஒரு கேள்வி முன்னாடி தெரிஞ்சு போயிரும்ங்க. காசு குடுக்காத புள்ள முகத்துல நான் எப்படி முழிக்கிறது?” என்பார். ஆக, அவருக்குச் சம்பளம் ஒன்றுதான். அதில் பெரிய பங்கு லைன்காருக்குப் போனது. அவர் வீடு தாமுவேயில், வேலை டகோனில். போகும்போது ஒரு தடவை வண்டி மாற வேண்டும், வரும்போது ஒரு தடவை. வீட்டுப் பக்கம் இடமாற்றம் கேட்டுக் கேட்டு அலுத்துப் போனார். பள்ளிக் குடியிருப்பில் இருந்த ஒன்றிரண்டு அறைகளிலும் ஏற்கெனவே ஆள் இருந்தது. வேலையை விட்டுவிடலாம் என்றால் பென்ஷனுக்கு இன்னும் சில வருடம் பாக்கி. நடுவில் விட்டால் எல்லாம் தண்ணீரில் போட்ட உப்பு.

சம்பளம் கொடுக்க வேண்டியவர்களைப் பற்றிப் பேச நான் இங்கே வரவில்லை. அதற்கு வேறு இடம் வேண்டும், வேறு நெஞ்சுறுதியும் வேண்டும். நான் நம்மைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நாம் ஆசிரியர்களுக்கு என்ன கொடுத்தோம்?

மரியாதை கொடுத்தோம்! அள்ளி அள்ளிக் கொடுத்தோம்! வருடா வருடம் ஆசிரியர்களை மேடையில் வரிசையாக உட்கார வைத்து, பிள்ளைகள் விழுந்து வணங்கும் கடோ விழா நடத்துகிறோமே, இந்த நாட்டில் அதைவிடப் பெரிய மரியாதை உண்டா? நம் முஸ்லிம் பிள்ளைகள் மனிதர் முன்னால் விழமாட்டார்கள். அந்தக் குறையைத் தீர்க்கப் பரிசுப் பொட்டலத்தைப் பெரிதாகக் கட்டினோம். சோப்பு, துண்டு, மால்ட் டப்பா, குடை, லுங்கித் துணி. எல்லாவற்றையும் கூடையில் அடுக்கி, கண்ணாடித் தாள் சுற்றி, சிவப்பு ரிப்பன் கட்டி! அந்தக் கூடைகள் எங்கிருந்து வந்தன? என் கடையிலிருந்துதான். கடோ மாதத்தில் எனக்கு நல்ல வியாபாரம்.

இப்போது சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் சரி, துப்பினாலும் சரி. விழா முடிந்து சில நாள் போனதும் ஆசிரியைகள் ஒவ்வொருவராக என் கடைக்கு வருவார்கள். கையில் பை. “ஹாஜியார், வீட்டுல சோப்பு நெறைய இருக்கு. எடுத்துக்குறீங்களா?” என்பார்கள். பாதி விலைக்கு எடுத்துக்கொள்வேன். அரிசியாகக் கேட்டால் அரிசியாகவே கொடுப்பேன். அடுத்த வருடம் அதே சோப்புக்குப் புதுக் கண்ணாடித் தாள் சுற்றி முழு விலைக்கு விற்பேன். ஒரே சோப்பு மூன்று ஆசிரியர்களைக் கௌரவித்த கதையெல்லாம் என் கடையில் உண்டு! நான் தப்பு செய்கிறேன் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. உதவி செய்கிறேன் என்றே நினைத்தேன். ஹமீதுன்னிசா டீச்சரும் வந்திருக்கிறார். பையை வைத்துவிட்டு, “நல்லாப் பாத்துக்குங்க ஹாஜியார், போன வருஷம் உங்க கடையில குடுத்ததுதான்” என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

போன வருடம் கடோ விழாவுக்கு முன்னால் பெற்றோர் குழு கூடியது. உங்களில் பலர் அங்கே இருந்தீர்கள். பந்தல் எவ்வளவு பெரிது, சாப்பாட்டுக்கு டான்பவுக் பிரியாணியா, மொஹிங்கா மீன்குழம்புச் சேமியாவா என்று பேசிக்கொண்டிருந்தோம். ஹமீதுன்னிசா டீச்சர் எழுந்தார். கூட்டத்தில் எப்போதும் பேசாதவர் எழுந்ததால் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

“இந்த வருஷம் கடோ வேணாங்க,” என்றார். “அந்தக் காசுல டீச்சருங்களுக்கு ஒரு ஃபெரி வண்டி பேசி விடுங்க. தாமுவே பக்கமிருந்து வர்றவங்க ஆறு பேரு இருக்கோம். மழைக்காலத்துல ரொம்பக் கஷ்டமா இருக்கு. எனக்கும் முன்ன மாதிரி நிக்க முடியல, பிரஷர் இருக்கு.”

அவ்வளவுதான் கேட்டார். காலையில் ஏற்றிக்கொண்டு போய், மாலையில் இறக்கிவிட ஒரு வண்டி! பபேடானில் ஜவுளிக்கடைப் பெண்களுக்கு முதலாளிகள் ஃபெரி விடவில்லையா? அலோனில் கிடங்கு ஆட்களுக்கு விடவில்லையா? நம் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பவர்களுக்கு ஒரு வண்டி கேட்டார்.

நான் என்ன சொன்னேன்? தலைவன் நான்தானே, பதில் சொல்ல வேண்டியவன்! “டீச்சர், அப்படிச் சொல்லாதீங்க. உங்களுக்கு மரியாத செய்யலன்னா ஊரு எங்களக் காறித் துப்பிரும்” என்றேன். சபை தலையாட்டியது. டீச்சர் உட்காராமல், “மரியாதைய வீட்டுக்குக் கொண்டு போனா என் தங்கச்சி அத ஒலையில போட முடியாதுங்களே, ஹாஜியார்” என்றார்.

சிரித்தோம்! சபை முழுக்கச் சிரித்தோம்! டீச்சருக்கு எவ்வளவு நகைச்சுவை என்று எனக்குப் பக்கத்தில் இருந்தவர் தொடையில் தட்டினார். டீச்சர் உட்கார்ந்துவிட்டார். அந்த வருடம் பந்தலை இன்னும் பெரிதாகப் போட்டோம். முதல் கூடை அவருக்குத்தான் கொடுத்தோம். அவரும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

இதோடு நிறுத்தினால் எல்லோரும் சேர்ந்து செய்த பிழை, ஆளுக்குக் கொஞ்சம் என்று பங்கு போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். எனக்கு மட்டும் தனியாக ஒரு பங்கு இருக்கிறது.

டீச்சருக்கு வீடு தாமுவே, வேலை டகோன் என்றேன். எனக்கு நேர்மாறு. வீடு டகோன், கடை தாமுவே. என் கடை வண்டி இரவில் தாமுவேயில் நிற்கும். காலையில் டிரைவர் அஸ்கர் அதை எடுத்துக்கொண்டு டகோனுக்கு வந்து, என்னை ஏற்றிக்கொண்டு கடைக்குத் திரும்புவான். விளங்குகிறதா உங்களுக்கு? ஒவ்வொரு நாள் காலையும், பள்ளிக்கூட நேரத்துக்கு, தாமுவேயிலிருந்து டகோனுக்கு என் வண்டி காலியாகப் போய்க்கொண்டிருந்தது!

அஸ்கர் என்னிடம் கேட்டான். சும்மா இருக்கவில்லை, கேட்டான். “ஹாஜியார், பஸ் ஸ்டாப்புல டீச்சருங்க நனைஞ்சுக்கிட்டு நிக்கிறாங்க. வண்டி சும்மாதான வருது, ஏத்திக்கிட்டு வரவா?” என்று கேட்டான். “என்னப்பா பேசுற! வெங்காய மூட்ட ஏத்துற வண்டியில சாயாமாவ ஏத்துறதா? நாலு பேரு பாத்தா என்ன சொல்லுவாங்க? மரியாதையா இருக்காது” என்றேன். வண்டி அசிங்கமாகிவிடும் என்று நான் சொல்லியிருந்தால் கஞ்சன் என்று ஒப்புக்கொண்டு தலை குனிந்துவிடலாம். நான் நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். ஆசிரியைக்கு இழுக்கு வந்துவிடக்கூடாது என்றுதான் சொன்னேன். நல்ல எண்ணத்தோடு ஒருவரை மழையில் நிறுத்தி வைக்க முடியும் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

அன்று காலை நடந்ததைச் சொல்கிறேன். கடைசி வரிசையில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவர் பெயர் சபாபதி. அந்த லைன்காரின் கண்டக்டர். உள்ளே வரமாட்டேன் என்று வாசலில் நின்றவரை நான்தான் கையைப் பிடித்து அழைத்து வந்தேன். அன்று மற்ற டீச்சர்கள் கிடைத்த வண்டியில் முன்பே போய்விட்டார்கள்; ஹமீதுன்னிசா டீச்சர் தனியாக ஏறி மூலையில் உட்கார்ந்ததும் கண்ணை மூடிச் சாய்ந்துவிட்டார். சபாபதி பார்த்திருக்கிறார். “சாயாமா அலுப்புல தூங்குறாங்கன்னு நெனச்சேன், ஊலே” என்றார் என்னிடம், மாமா முறை வைத்து. “டிரைவர்கிட்டச் சொல்லிப் பாட்டக்கூட நிறுத்தினேன். சாரல் அடிக்குதுன்னு என் துண்டால மறைச்சுக் கட்டினேன். பக்கத்துல சத்தம் போட்டவங்களையும் அதட்டினேன்.”

பள்ளி நிறுத்தம் வந்தது. பச்சை லுங்கி கட்டிய ஓர் ஆசிரியையைத் தோளைத் தொட்டு எழுப்புவதா என்று சபாபதி தயங்கினார். ஓர் ஆண் தொடலாமா? சாயாமா தப்பாக நினைத்தால்? கொஞ்ச நேரம் தூங்கட்டும், கடைசி நிறுத்தம் போய்த் திரும்பும்போது இறக்கிவிடலாம் என்று விட்டுவிட்டார். வண்டியில் இருந்த அத்தனை பேரும் விட்டுவிட்டார்கள். எல்லோருக்கும் அவர் மீது மரியாதை! திரும்பும்போது கூப்பிட்டார்கள். பதில் இல்லை. மூளையில் இரத்தக் குழாய் வெடித்திருக்கிறது, கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

சபாபதி, எழுந்து போகாதீர்கள். உட்காருங்கள் ஐயா. உங்கள் மீது ஒரு குற்றமும் இல்லை. நீங்களாவது உங்கள் துண்டைக் கொடுத்தீர்கள். ஆசிரியையைத் தொடாதே, தள்ளி நின்று கும்பிடு என்று இந்த ஊர் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது. அப்படிச் சொல்லிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். குற்றம் வேண்டுமென்றால் என் கடை வாசலில் தேடுங்கள்.

நான் டாக்டர் இல்லை. ஃபெரி வண்டி இருந்திருந்தால் டீச்சர் பிழைத்திருப்பார் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. அவருக்கு வியாதி இருந்தது, மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக்கொண்டார் என்று பல்கீஸ் சொன்னபோது அதுவும் ஒரு காரணம் என்று தோன்றியது. ஆனால் அந்த வண்டியில் அவரோடு வேலை பார்க்கும் ஐந்து பேர் இருந்திருப்பார்கள். “ஏங்க, எந்திரிங்க, பள்ளிக்கூடம் வந்தாச்சு” என்று தோளைப் பிடித்து உலுக்க யாரும் யோசித்திருக்கமாட்டார்கள். இதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. தொழுகையில் நின்றாலும் அந்த வண்டிதான் கண்ணில் வருகிறது.

செயலாளர் நியாஸ் இந்தக் கூட்டத்துக்கு அழைப்பு அனுப்பியபோது, டீச்சர் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுப் பள்ளியில் மாட்டலாம் என்று ஒரு யோசனை சொன்னார். நல்ல யோசனை. என்னிடம் நன்கொடை கேட்டார். தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நியாஸ் தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். இன்னொரு கூடையைக் கட்ட என் கைக்கு வலு இல்லை.

இனி என்ன செய்வது? இறந்தவர் வழியில் நடப்போம் என்று சொல்லி இறங்கிவிடுவதுதான் என் வழக்கம். அவர் வழியில் நடக்க நம்மில் யாருக்கும் கால் இல்லை. அவர் கேட்டதையாவது செய்வோம். இந்த வருடம் கடோ விழா கிடையாது. அந்தப் பணத்தோடு, வீட்டுக்கு வீடு மாதா மாதம் ஒரு தொகை போட்டு, திங்கட்கிழமையிலிருந்து தாமுவேயில் ஆசிரியைகளுக்கு ஃபெரி வண்டி நிற்கும். ஆசிரியைக்கு உடம்புக்கு முடியாமல் போனால் மருந்துச் செலவுக்கும் அதிலிருந்தே எடுக்க வேண்டும். அக்காவின் பென்ஷன் தங்கைக்கு வராது. ஆகவே பல்கீஸ் வீட்டு அரிசியும் அதில் சேரும்.

நேற்று இதை மீனம்மாள் டீச்சரிடம் பெருமையாகப் போய்ச் சொன்னேன். ஹமீதுன்னிசா டீச்சரோடு பக்கத்து வகுப்பில் பாடம் எடுத்தவர், அந்த ஆறு பேரில் ஒருவர். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னைப் பார்த்து, “எத்தன மாசத்துக்குங்க?” என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. கோபம்கூட வந்தது! இவ்வளவு செய்கிறோம், ஒரு நன்றி இல்லையே என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன். ராத்திரி முழுக்கப் புரண்டேன். அந்த அம்மாள் கேட்டதில் என்ன தப்பு? கூலிக்கு வேலை பார்ப்பவர் எவரும் கேட்கும் கேள்விதானே? ஹாஜியாருக்கு மனம் குத்தும்வரை வண்டி ஓடும், குத்தல் ஆறினால் வண்டி நின்றுவிடும் என்று அவருக்குத் தெரியும். என்னை எனக்குத் தெரிந்ததைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

ஆகவே அன்பர்களே, பெற்றோர் குழுத் தலைவர் பதவியிலிருந்து இந்த நிமிடம் நான் விலகுகிறேன். அந்தப் பணம் என் கையில் இருந்தால் அது என் தயவாகிவிடும். வண்டி தயவாக ஓடக்கூடாது. பணப் பெட்டியும் சாவியும் ஆசிரியைகளிடம் இருக்கட்டும். எந்த வண்டி, எத்தனை மாதம், யார் தவணை தவறினார் என்று அவர்களே நம்மைக் கூப்பிட்டுக் கேட்கட்டும். நான் தவறினால் என் கடை வாசலில் வந்து, வாடிக்கையாளர் முன்னால் கேட்கட்டும். அஸ்கர் ஓட்டும் வண்டியும் காலையில் காலியாக வராது. அதில் வெங்காய வாடை அடிக்கும், டீச்சர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

யா அல்லாஹ்! உன் அடியாள் ஹமீதுன்னிசாவின் கப்ரை விசாலமாக்கு. அவர் பிழைகளைப் பொறுத்தருள். எங்கள் பிழைகளை அவர் உன்னிடம் முறையிட்டால், அவர் சொல்வதைக் கேட்டுக்கொள்.

மீனம்மாள் டீச்சர், மேலே வாருங்கள். என் நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. எழுந்திருக்க வேண்டாம் யாரும், கை கூப்பவும் வேண்டாம். டீச்சர், இதோ ஒலிபெருக்கி. உங்களுக்கு என்ன வேண்டுமோ கேளுங்கள். இந்தத் தடவை சிரிக்கமாட்டோம்.